புளி இருந்த அறை

தீர்த்தகிரி கவுண்டர் வாயைத் திறந்தால் நாலாவது வார்த்தையில் ஆஸ்பத்திரி வந்துவிடும். சாமை விதைப்பைப் பற்றிக் கேட்டாலும் சரி, கரடி இறங்கியதைப் பற்றிக் கேட்டாலும் சரி, "நாம கொண்டாந்த ஆஸ்பத்திரி கீதே..." என்று தொடங்கிவிடுவார். வழியில் மாட்டிக்கொண்டவர் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பது நல்லது. அவர் வீட்டு வேலிக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிற எங்களுக்கு அது காலைக் களியோடு வருகிற கொள்ளு ரசம் மாதிரி. தினமும் உண்டு, புதிதாக ஒன்றும் இராது.

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த நாளில் ஜவ்வாது மலையில் எங்கள் நெல்லிக்கொல்லை மாதிரி ஊர்களில் காய்ச்சலுக்கு வேரும் விபூதியும்தான். பிள்ளைப்பேறு சிக்கலானால் டோலி கட்டி அடிவாரத்து ஒடுகத்தூருக்கு இறங்க வேண்டும். இறங்கின டோலிகளில் சில, பாதி வழியிலேயே முகத்தை மூடிய துணியோடு திரும்பி வந்திருக்கின்றன. ஊர்க்கவுண்டரான தீர்த்தகிரி இதற்காக வேலூருக்கு நடையாய் நடந்தார். ஆபீஸ் வாசல்களில் குந்திக் குந்தி அவர் வேட்டியின் பின்பக்கம் சாயம் மாறிப்போனது என்று அவர் சம்சாரம் ராணியம்மாளே சொல்லிச் சிரிப்பாள். இடம் கொடுத்தால்தான் கட்டடம் என்றார்கள். தன் நிலத்தில் ஒரு துண்டைக் கொடுத்தார்.

அப்புறம்தான் ஊருக்குள் தகராறு. எங்கள் பெண்கள் பிள்ளை பெறுவது ஊர்க்கோடியில் இருக்கும் தீட்டுக் குடிசையில். அதை விட்டுவிட்டு சர்க்கார் கட்டடத்தில் பெறுவதாவது என்று பெரியவர்கள் முறுக்கிக்கொண்டார்கள். கவுண்டர் பேச்சில் கெட்டிக்காரர்.

"இன்னா பெரிய வித்தியாசம்?" என்றார். "அதே குடிசைக்குப் பக்கத்துலதான் கட்டுறான். நம்ம குடிசைக்கே சிமிட்டி பூசி, ஓடு போட்டா எப்டியிருக்கும்? அப்டின்னு நெனச்சிக்குங்க."

ஊர் ஒத்துக்கொண்டது. எழுபதுகளின் கடைசியில் கட்டடம் எழும்பிற்று. முன்னறை, பின்னறை. முன்னறையில் மருந்து அலமாரியும் நர்சம்மாவின் கட்டிலும். பின்னறையில் பிரசவத்துக்கு ஓர் இரும்பு மேசை. நர்சு அன்னமேரி சந்தவாசல் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். வந்த முதல் மாதம் அவள் குடையைக் கண்டு எங்கள் நாய்கள் குரைத்தன. இரண்டாம் மாதம் நாய்களே பழகிவிட்டன, மனிதர்கள்தான் கொஞ்சம் தாமதித்தார்கள். பிறகு ஒருத்தி போனாள், இன்னொருத்தி போனாள். மேசைமேல் படுத்துப் பெற்றுக்கொண்டு வந்தவள், ஏதோ கப்பலில் போய் வந்தவள் மாதிரி கதை சொன்னாள்.

எல்லாம் மாசி பிறக்கும்வரைதான். மாசியில் புளி.

புளி எங்களுக்கு வேலையா திருவிழாவா என்று சொல்ல முடியாது. ஆண்கள் மரமேறி உலுக்குவார்கள். பெண்கள் பொறுக்கி, ஓடு தட்டி, நாரெடுத்து, கொட்டை நீக்குவோம். விரல் நுனியெல்லாம் வெந்து எரியும். அந்தக் கையால் சோறு பிசைந்தால் புளியே சேர்க்க வேண்டாம். இத்தனை பாடுபட்டு எடுத்த புளியைக் கூரை வீட்டில் வைத்தால் எலியும் ஈரமும் பாதியைத் தின்றுவிடும், மீதி கறுத்துப் போகும். ஊரிலேயே சிமிட்டித் தரையும் ஓட்டுக் கூரையும் உள்ள இடம் ஒன்றே ஒன்று. அதன் பின்னறைச் சாவி, இடம் கொடுத்தவர் என்ற உரிமையில் கவுண்டரின் அரைஞாணில்.

முதலில் அவர் மூட்டை போயிற்று. பங்காளிகளுடையது போயிற்று. அப்புறம் ஊரே போயிற்று. கவுண்டர் ஒருவருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரி கொண்டுவந்ததற்குக் கிடைக்காத பேர் அவருக்குப் புளி வைக்க இடம் கொடுத்ததில் கிடைத்தது.

அதோடு நின்றால் பரவாயில்லை. எங்கள் வழக்கப்படி முதல் புளியில் ஒரு கைப்பிடியை மஞ்சள் துணியில் முடிந்து காளியம்மன் பங்காகக் குவியலின் மேல் வைப்போம். வியாபாரி வந்து எடுத்துப் போகும்வரை புளி இருக்கும் இடத்தில் தீட்டு நுழையக்கூடாது. நுழைந்தால் அத்தனை புளியும் குப்பைக்கு. ஆகவே மாசியிலிருந்து சித்திரை முடியப் பிள்ளை பெறும் அறையில் பிள்ளை பெறக்கூடாது என்றாகிவிட்டது. பெண்கள் பழைய குடிசைக்குத் திரும்பினார்கள். அன்னமேரி மருந்துப் பையோடு அங்கே குனிந்து நுழைந்தாள்.

அவள் சும்மா இருந்தாள் என்று சொல்லக்கூடாது. கவுண்டர் வீட்டு வாசலில் அவள் கேட்டது எங்கள் வேலி வழியாகத் தெளிவாகவே கேட்டது.

"கவுண்டரே, பின் ரூமு எப்பங்க காலியாவும்?"

"ஆவும் நர்சம்மா. செங்கத்து வியாபாரி வர்றேன்னு சொல்லிகீறான். வந்தா ஒரே நாள்ல ஏத்திகினு பூடுவான்."

"போன வருசமும் இதத்தான் சொன்னீங்க."

"போன வருசம் அவன் அம்மா செத்துப் பூட்டா."

"இந்த வருசம் யார் சாவணும்ங்க?"

கவுண்டர் சிரித்தார். "நர்சம்மாவுக்கு வாய் நீளம்" என்றார் உள்ளே திரும்பி. ராணியம்மாள் சிரிக்கவில்லை, அவள் மருமகள் மங்கம்மாள் அப்போது நிறைமாதம்.

"பொம்பளைங்க வந்தா எங்க வச்சிப் பாக்குறது?"

"தோ, குடிசை கீதே. எங்கம்மா என்ன அங்கதான் பெத்தா. நான் இன்னா கொறஞ்சா பூட்டேன்?"

"உள்ள பூந்தா நிமுர முடியல. பொகையில எனக்கே கண்ணு தெரியல."

"கொஞ்சம் பொறுத்துக்கோ நர்சம்மா. வெள்ளாம வேலையில்ல?"

அன்னமேரி குடையை விரித்துக்கொண்டு போனாள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. கோபம் வந்தால் அவள் குடையை விரிப்பாள்.

மங்கம்மாளுக்கு வலி கண்டது பங்குனியில். முதல் பேறு. குடிசைக்குக் கூட்டிப் போனார்கள். மறுநாள் விடிந்தது, பங்குனியில் வரக்கூடாத மழையோடு. தூறலாய்த் தொடங்கி விடாமல் பிடித்துக்கொண்டது. குடிசையிலிருந்து வந்த முனகல் விடிகாலையில் பெரிதாக இருந்தது. வெளிச்சம் வந்தபின் சின்னதாகிக்கொண்டே போயிற்று. நாங்கள் கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, குடிசைக்கு எதிரே பலாமரத்தடியில் போய் நின்றோம். போகாமல் இருக்க முடியுமா?

அன்னமேரி வெளியே வந்தாள். புடவையில் சேறு முழங்கால்வரை.

"கவுண்டரே, பின் ரூமத் தெறந்து குடுங்க. டேபிள்ல போட்டுத்தான் பாக்கணும். இவ அலுத்துட்டா."

கவுண்டரின் மகன் லட்சுமணன், "டோலி கட்டட்டுமா நர்சம்மா?" என்றான். அவன் ராத்திரியிலிருந்து எதையாவது கட்டவோ வெட்டவோ சொல்ல மாட்டார்களா என்று அலைந்துகொண்டிருந்தான்.

"இந்த மழையிலயா? ஓடைய தாண்ட மாட்டாப்பா."

கவுண்டர் வானத்தைப் பார்த்தார். "உள்ள புளி கீதும்மா."

"வெளிய போடுங்க."

"நனையும்."

"அப்ப உள்ளயே கெடக்கட்டும். ஒரு ஓரமா தள்ளிட்டு நான் பாத்துக்குறேன்."

"சாமி முடிச்சு கீது. தீட்டு பட்டா அத்தினியும் கொட்டணும். எம்புளின்னா இந்நேரம் கொட்டியிருப்பேன். ஊரு புளியாச்சே."

"அப்ப ஊரக் கேளுங்க. சீக்கிரம்."

ஊரைக் கூட்டினார். ஆண்கள் ஒவ்வொருவராக, காலில் ஒட்டிய சேற்றைப் பொறுமையாகக் கல்லில் தேய்த்துவிட்டு வந்தார்கள். விஷயத்தைச் சொன்னார். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"கவுண்டர் சொன்னா சரிதான்."

"நான் எப்டிச் சொல்றது?" என்றார் கவுண்டர். "என் வூட்டுப் பொண்ணுக்காக ஊரு புளிய நனைய வுட்டேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாரு. நீங்க சொல்லுங்க."

"நாங்க இன்னாத்த சொல்றது. சாவி உங்ககிட்ட கீது."

"சாவி எங்கிட்ட கீது. புளி உங்குளுது."

இப்படியே போயிற்று. கேட்கிறபோது அதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரிதான் இருந்தது. தன் வீட்டுக்கென்று எடுத்துக்கொள்ளாத மனிதர், ஊரைக் கேட்டுச் செய்கிற மனிதர். குடிசையிலிருந்து ராணியம்மாள் எட்டிப் பார்த்தாள், உள்ளே போனாள், மறுபடி எட்டிப் பார்த்தாள். மழை ஓலையிலிருந்து கயிறு கயிறாக இறங்கிற்று.

அப்போது பின்வரிசையில் நின்ற கோபால்சாமி பேசினான். கீழ்த்தெருக்காரன், அதிகம் பேசாதவன்.

"போன வருசம் என் வூட்டுக்காரிக்கு ஊரக் கூட்டலியே கவுண்டரே."

கோபமாகச் சொல்லவில்லை. மாடு எங்கே போயிற்று என்று கேட்பது போலக் கேட்டான். போன வருசம் இதே புளிக்காலத்தில் அவன் மனைவி செல்லியம்மாள் இதே குடிசையில் பெற்ற பிள்ளை அழவேயில்லை. அன்றைக்கும் அன்னமேரி சாவியைக் கேட்டாள். கவுண்டர் செங்கத்தில் இருக்கிறார், வரட்டும் என்று ஊர் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எங்கள் ஊரில் பேசாமல் விடப்பட்ட விஷயம் என்றால் அது ஒன்றுதான்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கவுண்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அன்னிக்கி நான் ஊர்ல..." என்பதோடு நின்றுவிட்டது.

ராணியம்மாள் மழையில் நடந்து வந்து அவர் முன்னால் கையை நீட்டினாள்.

"சாவியக் குடு."

பத்துப் பேர் எதிரில் அவள் அவரிடம் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. அவர் அரைஞாணில் தடவினார். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது, விரல் நழுவிற்று. அவள் குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனாள். ஊர்க்கவுண்டர் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற நிலையை அதற்குமுன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

முதல் மூட்டையை இழுத்து மழையில் போட்டவள் செல்லியம்மாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தேடிப் பார்த்துத் தன் வீட்டு மூட்டையைத்தான் முதலில் இழுத்தாள். அப்புறம் பெண்கள் எல்லாரும் நுழைந்தோம். ஆண்கள் நகர்ந்து வழிவிட்டார்கள், அதுவே ஒரு உதவி என்கிற மாதிரி. கடைசியில் மேசைமேல் மஞ்சள் முடிச்சு மட்டும் இருந்தது. அதைத் தொட எவளுக்கும் துணிவு வரவில்லை.

"நான் தொட்டா உங்க சாமிக்குக் கோவம் வருமா?" என்று அன்னமேரி கேட்டாள்.

அவள் அதை எடுத்துப் போய்ப் பலாமரக் கிளையில் மாட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டாள். காளியம்மன் அன்று நனைந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மங்கம்மாளைத் தூக்கி வந்தபோது அவள் கண்கள் திறந்திருந்தன, எதையும் பார்க்கவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே கேட்டதைத்தான் சொல்ல முடியும். அன்னமேரியின் குரல் திட்டுவது போல, கெஞ்சுவது போல. "இன்னொரு வாட்டி. இன்னொரே வாட்டிம்மா." அப்புறம், "தலை வந்துடுச்சி." அப்புறம் வெகுநேரம் அவளும் பேசவில்லை. ராணியம்மாள் மட்டும் ஏதோ ஒரு சத்தம் போட்டாள். கடைசியாக ஒரு அழுகை, நனைந்த பூனை மாதிரி.

பெண் பிள்ளை. தாயும் பிழைத்தாள். தோள் சிக்கிக்கொண்டதாம். இழுத்து எடுத்ததில் இடக்கை தொங்கிவிட்டது. பிள்ளை வலக்கையை உதறி அழுதது. இடக்கை பக்கத்தில் வேறு யாருடையதோ போலக் கிடந்தது.

வெளியே புளி கரைந்து ஓடிற்று. முற்றமெல்லாம் செந்நீர். அந்த வருசம் செங்கத்து வியாபாரி மூட்டையைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு மறுபடி கட்டி வைத்தான். வருசம் முழுக்க எல்லார் வீட்டு ரசமும் கறுப்பு. ஒருவரும் குறை சொல்லவில்லை. கறுப்பு ரசத்தைத் தலைகுனிந்து குடித்தோம்.

நாங்கள் அன்னமேரியிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தோம். "காலையிலயே டேபிள்ல போட்டிருந்தா கை நல்லாயிருந்திருக்குமா நர்சம்மா?"

"அது யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசாதீங்க."

அந்தப் பதில் கவுண்டருக்கும் போய்ச் சேர்ந்தது. நாங்கள்தான் சேர்த்தோம். ஆமாம் என்றோ இல்லையென்றோ சொல்லியிருந்தால் அந்த மனிதர் ஒரு பக்கமாகப் படுத்துத் தூங்கியிருப்பார்.

அன்றோடு அவர் ஆஸ்பத்திரிப் பேச்சை நிறுத்திவிட்டார். வழியில் பார்த்துச் சாமையைப் பற்றிக் கேட்டால் சாமையைப் பற்றி மட்டுமே சொன்னார். எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் வேலை நடந்தது. சாவி அன்னமேரியிடம் போயிற்று. அடுத்த மாசிக்குள் தன் களத்து மேட்டில் ஊர்ப்புளிக்கென்று ஓட்டுக் கொட்டகை போட்டார். தீர்த்தகிரியே மண் சுமந்தார். ஆஸ்பத்திரிக்கு ஊற்றிலிருந்து தண்ணீர் வர வாய்க்கால் வெட்டினார்கள். ஜீப் ஏறும்படி பாதையை அகலப்படுத்தினார்கள். பக்கத்து ஊர்க் கவுண்டர்களிடம் போய், உங்கள் பெண்களை எந்த மாதமும் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். ஏன் அப்படி வலியுறுத்துகிறார் என்று அவர்களுக்குப் புரியவில்லை. இதெல்லாம் ஒரு வருசத்தில் முடிகிற காரியமா? பேத்தி தவழ்ந்து, நடந்து, ஒற்றைக் கையால் தண்ணீர் மொள்ளப் பழகுகிற வரை நடந்துகொண்டேயிருந்தது.

ஒன்று மட்டும் அவர் செய்யவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் காலை வைக்கவில்லை. காய்ச்சல் வந்தாலும் ராணியம்மாள்தான் மாத்திரை வாங்கி வருவாள். ஆண்கள் பிரசவ அறைக்குப் போவதில்லை என்பது வழக்கம். அந்த வழக்கம் அவருக்கு வசதியாக இருந்தது என்பது எங்கள் அபிப்பிராயம். பேத்தி எதிரே ஓடி வந்தால் வலக்கைப் பக்கமாகப் போய் நின்றுதான் தூக்குவார்.

அப்புறம் ஒரு நாள் வேலூரிலிருந்து சுகாதாரத்துறைப் பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். இந்த மலையில் பிள்ளைப்பேற்றுக்குப் பெண்கள் தாமாக நடந்து வருகிற நிலையம் இது என்று அன்னமேரியைப் பாராட்டினார். ஊர் முழுக்கப் பலாமரத்தடியில். கோபால்சாமி வந்திருந்தான். செல்லியம்மாள் வரவில்லை.

"ஊர்த் தலைவர் யாரு?" என்றார் அதிகாரி. கவுண்டரைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். சால்வை விழுந்தது. "பெரியவரே, இவ்வளவு மாற்றம் எப்படி வந்துச்சு? நாலு வார்த்தை சொல்லுங்க. மத்த ஊர்ல போய்ச் சொல்லுவேன்."

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ஜீப் மறுநாள்தான் கிளம்பியிருக்கும். கவுண்டர் தொண்டையைச் செருமினார். சால்வையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"எனக்கு இன்னா தெரியும் சார். எம்மருமவளக் கேளுங்க" என்றார்.

மங்கம்மாள் அதை எதிர்பார்க்கவில்லை. மாமனார் எதிரில் பேசிப் பழக்கமில்லாதவள். எழுந்து நின்றாள். பெரிய மகள் ஒற்றைக் கையால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன மழைக்காலத்தில் அதே மேசையில் பிறந்த சின்னவன் இடுப்பில். எங்கள் காதுகளெல்லாம் நீண்டுவிட்டன. இப்போது வரப்போகிறது, இத்தனை வருசமாக அவள் வாய்க்குள் வைத்திருந்ததெல்லாம் என்று காத்திருந்தோம். கவுண்டரும் அதற்குத்தான் தயாராகத் தலையைக் குனிந்து நின்றார்.

"எல்லாம் நல்லாத்தான் கீது சார்" என்றாள் மங்கம்மாள். "மழ பேஞ்சா டேபிள் மேலயே ஒழுவுது. படுத்துகினு கீறவ மூஞ்சில சொட்டுது. தொடச்சிக்கவும் முடியாது. அத்த மட்டும் பாக்கச் சொல்லுங்க."

உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான்.

அதிகாரி கவுண்டர் பக்கம் திரும்பினார். "ஒழுகுதாமே. தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாது சார்."

"பக்கத்துலயே இருக்கீங்க. ஒரு தரம்கூட உள்ள போய்ப் பாக்கலியா?"

"இல்ல சார்."

அதிகாரி சிரித்தார், பெரியவர் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு. வேறு யாரும் சிரிக்கவில்லை. மங்கம்மாள் திட்டியிருந்தால் கவுண்டருக்கு அது ஒரு மாலை மாதிரி இருந்திருக்கும். அதையும் அவள் கொடுக்கவில்லை.

ஜீப் போனபின் அன்னமேரி வாசலில் நின்று, "வாங்க கவுண்டரே. உள்ள யாரும் இல்ல இப்ப. பாத்துட்டுப் போங்க" என்றாள்.

படியில் கொஞ்சம் நின்றார். பிறகு போனார். நாங்கள் ஜன்னல் பக்கம் நகர்ந்தோம். அன்னமேரி எங்களைப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டாள், அவளுக்கு எங்களைத் தெரியாதா. உள்ளே மேசையைப் பார்த்தாரோ, கூரையைப் பார்த்தாரோ. வெளியே வந்தபோது சால்வை மடித்துக் கக்கத்தில் இருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டார்.

"ஏணி யார் வூட்ல கீது?"

ஊரில் நீளமான ஏணி ஒன்றுதான். எல்லோருக்கும் தெரியும். கோபால்சாமி எழுந்து வேட்டியைத் தட்டினான்.

"எங்க வூட்ல கீது."

"எடுத்தாறியாப்பா?"

கோபால்சாமி யோசித்தான். "நீங்களே வந்து எடுத்துகினு போங்க" என்றான்.

அந்த வீட்டுப் படியைக் கவுண்டர் மிதித்து வெகுகாலம் ஆகியிருந்தது. கோபால்சாமி முன்னால் நடந்தான். கவுண்டர் பின்னால் போனார். தூரத்தில், கீழ்த்தெருக் கடைசியில், செல்லியம்மாள் வாசலில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் இங்கேவரை கேட்டது. அவர் கிட்டப் போய் நின்றதும் சத்தம் நின்றது.

நாங்கள் வழக்கம்போல வேலியோரமாகவே கொஞ்ச தூரம் போயிருந்தோம். அதற்குமேல் எங்களுக்கே கூச்சமாக இருந்தது. திரும்பி வந்துவிட்டோம்.